ஈரக் காற்றில் தோல் பூட்ஸ்: வீட்டிலேயே துடைத்து, உலர்த்தி, பேணும் முறை

கோலாலம்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் தோல் பூட்ஸ் ஒரு சோடி வாங்கினேன். பெட்டிக்குள் இருந்த பராமரிப்புத் தாள், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எண்ணெய்ப் பசையுள்ள கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும் என்றது. நானும் ஒருமுறைகூடத் தவறாமல் பூசினேன். நான்காவது மாதம் தீபாவளி விடுமுறைக்குப் பினாங்கு வந்து, பத்து நாள் கழித்துத் திரும்பி அலமாரியைத் திறந்தபோது, அந்தச் சோடி சாம்பல் பூசிய சாமியாரைப் போல உள்ளே நின்றது.

அந்தத் தாளை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் குளிர்நாட்டு வழக்கத்தை எழுதியிருந்தார். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு தோல் வெடிக்கும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் தோலைக் கெடுக்கும். நம் ஊரில் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது, விடியற்காலையில் 90ஐத் தாண்டுகிறது. ஏறக்குறைய 70 விழுக்காட்டு ஈரமும், அசையாத காற்றும், உண்பதற்குச் சிறிது கொழுப்பும் கிடைத்தால் பூஞ்சணம் முளைத்துவிடும். ஈரத்தையும் அசையாத காற்றையும் அலமாரி தருகிறது. கொழுப்பை நாமே தேடி வாங்கிப் பூசுகிறோம். ஆகவே இந்த வழிகாட்டியில் கிரீமைவிட உலர்த்துவதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

தோல் எவ்வகை என்று அறிதல்

எதையும் தடவுவதற்கு முன்பு உங்கள் பூட்ஸ் எந்தத் தோலால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்பக்கமாகக் குதிகாலுக்கு அருகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் ஊறி அந்த இடம் கருத்தால், அது நுண்துளைகள் திறந்திருக்கும் தோல். கிரீமையும் அவ்வாறே உறிஞ்சும், கறையையும் அவ்வாறே உறிஞ்சும். சொட்டு தாமரையிலைத் தண்ணீராக உருண்டு நின்றால், மேலே பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சு இருக்கிறது என்று பொருள். கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் அணியும் இரும்பு முனைப் பாதுகாப்புச் சப்பாத்துகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கிரீமைத் தேய்த்தாலும் அது மேலேயே பிசுபிசுத்து நின்று தூசியைச் சேர்க்குமே தவிர, தோலுக்குள் இறங்காது. ஈரத் துணியால் துடைப்பதும், எப்போதாவது சிறிது மெழுகுப் பாலிஷ் இடுவதும் அவற்றுக்குப் போதுமானவை. புதிதாக வாங்கிய மெழுகூட்டிய தோலிலும் தண்ணீர் சிறிது நேரம் உருளும் என்பதால், ஐயமிருந்தால் விரலால் மடித்துப் பாருங்கள்: எண்ணெயும் மெழுகும் ஊட்டிய தோல் மடிப்பில் நிறம் வெளுத்து, விட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

சுவேட், நுபக் என்று கடைகளில் சொல்லப்படும் மயிர்ப்பரப்புத் தோல்கள் தனி இனம். அவற்றுக்குச் சோப்பு, கிரீம், மெழுகு எதுவும் ஆகாது. ரப்பர் அல்லது நைலான் முள் தூரிகையால் தேய்த்து மயிரை நிமிர்த்துவதும், கறைபட்ட இடத்தைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்ப்பதும்தான் அவற்றுக்குரிய வைத்தியம். நாள்தோறும் மாலையில் மழை பெய்யும் ஊரில் சுவேட் பூட்ஸ் வாங்குவது அவரவர் துணிச்சலைப் பொறுத்தது.

பதனிட்ட முறையும் கவனிக்கத்தக்கது. இன்று உலகில் விற்பனையாகும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுவது. மென்மையானது, தண்ணீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்குவது. மரப்பட்டையின் துவர்ப்பால் பதனிடும் முறை பழையது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையைக் கொண்டு செய்த தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் நெடுங்காலம் மதிப்பிருந்தது. பட்டைத்தோல் நாளாக ஆக நிறம் முதிர்ந்து அழகு பெறும், ஆனால் நனைந்த நிலையில் சூடுபட்டால் குரோமியத் தோலைவிட விரைவில் சுருங்கிவிடும். விலை கூடிய பூட்ஸ்களின் உள்தளமும் அடித்தோலும் பெரும்பாலும் இவ்வகைத் தோலால் ஆனவை என்பதால், மேல்தோல் எதுவாக இருந்தாலும் சூட்டை விலக்குவது நல்லது.

வாங்கி வைக்க வேண்டியவை

குதிரைமுடித் தூரிகை ஒன்று கட்டாயம் தேவை. தூசி தட்டவும் இறுதியில் பளபளப்பு ஏற்றவும் தனித்தனியாக இரண்டு இருந்தால் வசதி. குதிரைமுடி தோலைக் கீறாது. துணி துவைக்கும் நைலான் தூரிகை கீறும். தையலோரங்களுக்குப் பழைய பல்துலக்கி, துடைப்பதற்குக் கிழிந்த பருத்திப் பனியன், குதிரைச் சேணத்துக்கென்று செய்யப்படும் மென்மையான தோல் சோப்பு, நிறமற்ற தோல் கிரீம் ஒரு குப்பி, பூட்ஸின் நிறத்துக்கேற்ற மெழுகுப் பாலிஷ் ஒரு டப்பா ஆகியவை மற்றவை. கிவி பாலிஷ் மளிகைக் கடையில்கூடக் கிடைத்த காலம் உண்டு. 1906இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடங்கிய அந்தத் தகர டப்பாவைத் திறக்காத வீடு நம் நாட்டில் குறைவு. தோல் சோப்பும், வடிவம் குலையாதபடி பூட்ஸுக்குள் செருகி வைக்கும் மர அச்சும் பெரிய பேரங்காடிகளின் சப்பாத்துப் பிரிவிலும் இணைய அங்காடிகளிலும் கிடைக்கின்றன.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தோல் சோப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. கொழுப்பை நீக்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. தட்டிலிருந்து எண்ணெயை எடுப்பது போலவே தோலுக்குள் இருக்கும் எண்ணெயையும் எடுத்துவிடும். துணி துவைக்கும் சோப்பு காரத்தன்மை கொண்டது. பதனிட்ட தோலோ சற்று அமிலத்தன்மை உடையது என்பதால், காரம் அடிக்கடி பட்டால் அதன் நிறமும் நாரும் தளரும். குளோரின் கலந்த வெளுப்பானைப் பூஞ்சணத்தின் மேல் ஊற்றுவோரும் உண்டு. அது பூஞ்சணத்தோடு சேர்த்துத் தோலையும் அரித்துவிடும்.

துலக்குதலும் கழுவுதலும்

முதலில் கயிறுகளை முழுவதுமாக உருவி எடுங்கள். கயிற்றைக் கட்டியபடியே துடைப்பவர்கள் நாக்குப் பகுதியின் மடிப்புகளை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதே இல்லை. மணலும் வியர்வை உப்பும் ஒளிந்திருப்பது அங்கேதான். கயிறுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, உள்தளம் கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் வெளியே எடுத்து நிழலில் வையுங்கள்.

அடுத்து, பூட்ஸ் காய்ந்திருக்கும் நிலையிலேயே தூரிகையால் முழுவதும் துலக்க வேண்டும். மேலிருந்து கீழாக, தையல் வரிகளை ஒட்டி, அடிப்பாகமும் மேல்தோலும் சேரும் விளிம்பு வரை போக வேண்டும். சிமெண்ட் தூசியும் செம்மண்ணும் அரைத்தாள் போன்றவை. அவற்றின் மேல் ஈரத் துணியை வைத்துத் தேய்த்தால் தோலின் மேற்பரப்பை நாமே உரசிக் கெடுக்கிறோம். ஈரச் சிமெண்ட் கடும் காரம் உடையதால், தளத்தில் வேலை செய்வோர் அதைப் பூட்ஸிலேயே உலரவிடக் கூடாது. அன்று மாலையே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். சேறு அப்படியல்ல. அது காய்ந்த பிறகு தட்டினால் பாளமாக உதிர்ந்துவிடும். அவசரப்பட்டு ஈரத்தோடு தேய்த்தால் தையல் துளைகளுக்குள் இறங்கும்.

தூசி போன பிறகு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் தோல் சோப்பைத் தடவி, சிறு வட்டங்களாகத் தேய்க்கத் தொடங்குங்கள். நுரை குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் வழியக் கூடாது. இங்கே பலர் செய்யும் தவறு, அழுக்குத் தெரியும் இடத்தை மட்டும் தேய்ப்பது. தோல் ஓரிடத்தில் மட்டும் நனைந்தால், உலரும்போது நனைந்த பகுதியின் விளிம்பில் கரை கட்டும். ஆகையால் முன்முனை, பக்கம், குதிகால், தண்டு என்று முழு பூட்ஸையும் ஒரே சீரான ஈரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு வேறொரு ஈரத் துணியால் சோப்பை முழுவதும் துடைத்தெடுங்கள். சோப்பு எஞ்சினால் தோல் விறைக்கும். குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவுவது வேண்டாம். வெள்ளத்தில் மாட்டிய பூட்ஸுக்கு மட்டும் அந்த விதி தளரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிப்புறத்தை மினுக்கிவிட்டு உட்புறத்தை மறந்துவிடுகிறோம். உண்மையில் ஈரம் உள்ளிருந்துதான் அதிகம் வருகிறது. எட்டு மணி நேரம் பூட்ஸுக்குள் அடைபட்ட கால், மழை பெய்யாத நாளிலும் உள்தோலை நனைத்துவிடும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, முன்முனை வரை உள்ளே விட்டுத் துடையுங்கள். வினிகரின் நெடி உலர்ந்ததும் போய்விடும், காலின் நெடியும் பெருமளவு அதனோடு போகும்.

உலர்த்துதல்

துடைத்து முடித்த பூட்ஸை வெயிலில் வைக்கலாமா என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. வைக்கக் கூடாது. தோல் என்பது கொல்லாஜன் என்னும் புரத நார்களின் பின்னல். அந்த நார்களுக்கு இடையிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியேறினால் அவை தத்தம் இடத்தில் நிற்கும். சூட்டில் விரைந்து வெளியேறினால் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, அடுத்த முறை மடங்கும்போது வெடிக்கும். முடி உலர்த்தும் கருவி, குளிரூட்டியின் வெளிப்பெட்டியிலிருந்து வரும் அனல், குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம், நிறுத்திவைத்த கார் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நண்பகலில் வெட்டவெளியில் நிற்கும் காரின் உட்பகுதி 60 பாகை செல்சியஸைத் தொடக்கூடும். சில பாலிஷ்களில் சேரும் தேன்மெழுகு உருகுவது 62, 63 பாகையில். அந்தச் சூட்டில் அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசையும் இளகிவிடும். வேலை முடிந்து காரின் பின்பெட்டியில் பூட்ஸைப் போட்டு வைக்கும் நண்பர்களுக்கு இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

வெயிலும் கூடாது, நிழலில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது என்றால் என்ன செய்வது? காற்றை ஓடவிட வேண்டும். மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைத்து, அதற்கு எதிரே பூட்ஸைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்துங்கள். நேராக நிறுத்தினால் அடிப்பாகத்தின் ஈரம் வெளியேற வழியில்லை. பட்டைத்தோலால் ஆன அடிப்பாகம் தரையோடு ஒட்டிய பக்கத்தில் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வாய்ப்பகுதி விசிறியை நோக்கியிருக்க வேண்டும். இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகு மறுநாள் காலையில் பக்கத்தை மாற்றிப் போடுங்கள். லேசாக நனைந்த பூட்ஸுக்கு ஒரு நாளும், மழையில் ஊறியதற்கு இரண்டு மூன்று நாட்களும் ஆகும். படுக்கையறைக் குளிரூட்டியில் உலர்நிலை என்ற பொத்தான் இருந்தால் அந்த அறையில் வைப்பது இன்னும் நல்லது. வீட்டம்மாவின் அனுமதி அவரவர் பொறுப்பு.

முழுவதும் ஊறிய பூட்ஸுக்குள் கசக்கிய நாளிதழைத் திணிக்கும் பழைய முறை இன்றும் பலனளிக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குத் 'தமிழ் நேசன்' பயன்பட்டது. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோன பிறகு, கிடைக்கிற நாளிதழைப் பயன்படுத்துகிறோம். உள்தோல் வெளிர்நிறமாக இருந்தால், அச்சுமை ஒட்டாதபடி தாளின் மேல் ஒரு வெள்ளைத் தாளையோ சமையலறைத் தாளையோ சுற்றிக்கொள்ளுங்கள். தாளைத் திணிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை; ஈரம் குடித்த தாளை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், படுக்கப் போகும் முன்பு மறுமுறையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்ட ஈரத்தாள் பூட்ஸுக்குள் வைத்த ஈரத்துணிக்குச் சமம். பெரும்பகுதி ஈரம் போன பிறகு மர அச்சைச் செருகுங்கள். தேவதாரு மரத்தால் ஆன, பூச்சு அடிக்காத அச்சு எஞ்சிய ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, மடிப்புகளையும் நிமிர்த்தி வைக்கும்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய உள்ளே கைவிட்டு முன்முனையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக உணர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

கிரீமும் மெழுகும்

முற்றிலும் உலர்ந்த பிறகே கிரீம். ஈரத் தோலின் மேல் கொழுப்பைப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்டதாகிவிடும்.

எவ்வளவு அடிக்கடி என்பதில்தான் நான் பெட்டித் தாளோடு முரண்படுகிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் அணியும் பூட்ஸுக்கு நம் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதம் ஒருமுறை அணிவதற்கு ஆண்டுக்கு ஒரு தடவையே மிகுதி. குளிரூட்டி நாள் முழுவதும் ஓடும் அலுவலகத்தில் அணிபவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். நாட்காட்டியைப் பார்ப்பதைவிடத் தோலைப் பார்ப்பதே சரி: மடிப்புகளில் நிறம் மங்கி, தடவினால் காகிதம் போலச் சொரசொரப்பாக இருந்தால் பசிக்கிறது என்று பொருள். அவ்வாறு இல்லையென்றால் தூரிகையால் துலக்கிவிட்டு வைத்துவிடுங்கள்.

ஒரு பூட்ஸுக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு கிரீம் போதும். துணியில் எடுத்து, முதலில் மடிப்புள்ள பகுதிகளில் தொடங்கி, மெல்லிய படலமாகப் பரப்புங்கள். இருபது நிமிடம் கழித்து, ஊறாமல் மேலே நிற்பதைக் காய்ந்த துணியால் துடைத்தெடுத்துவிட்டுத் தூரிகையால் துலக்குங்கள். வெளிர்நிறத் தோலாக இருந்தால் நாக்கின் மறைவான பகுதியில் முதலில் பூசிப் பாருங்கள். எல்லாக் கிரீமும் தோலை ஓரளவு கருக்கச் செய்யும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. தலைக்கும் தோலுக்கும் சமையலுக்கும் ஆகும் எண்ணெய் பூட்ஸுக்கு ஆகாதா என்று என் அத்தை கேட்டார். பூசியவுடன் தோல் கருத்துப் பளபளப்பது உண்மைதான். ஆனால் அது அளவின்றி ஊறித் தோலைத் தொளதொளக்கச் செய்கிறது. கணுக்காலைத் தாங்க வேண்டிய பகுதி துவண்டு விழுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும் பொருளாகையால், குளிரூட்டிய அறையில் அது மேலே எழுந்து வெண்ணிறமாகப் படிந்து நிற்கும். ஆலிவ் எண்ணெயும் வாழைப்பழத் தோலும் இணையத்தில் சொல்லப்படும் மற்ற இரண்டு வைத்தியங்கள். இரண்டையும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

மெழுகுப் பாலிஷ் வேறு வேலை செய்கிறது. கிரீம் உள்ளே இறங்குவதற்கு. மெழுகு மேலே நின்று மழையைத் தடுப்பதற்கும் பளபளப்புக்கும். நல்ல பாலிஷ்களில் சேரும் கார்னோபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது, 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் வெயிலிலும் பிசுபிசுக்காது. விரலில் துணியைச் சுற்றி, டப்பாவின் மேற்பரப்பை லேசாகத் தொட்டு, முன்முனையிலும் குதிகாலிலும் வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுத் துலக்குங்கள். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுவோர், ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு தொடுகை மெழுகு என்று மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். விரல்கள் மடங்கும் பகுதியில் இந்த அடுக்கை ஏற்றாதீர்கள். இரண்டு அடி நடந்ததும் மெழுகு நொறுங்கி வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் தையல் வரியில் மட்டும் பல்துலக்கியால் சற்றுத் தாராளமாகவே மெழுகைத் தேயுங்கள். மழைத்தண்ணீர் முதலில் நுழைவது அந்த வரியில்தான்.

மூன்று வெள்ளைகள்

பூட்ஸில் வெள்ளையாக எதைக் கண்டாலும் பூஞ்சணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூன்று வெவ்வேறு பொருள்கள் வெள்ளையாகத் தோன்றும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது உப்பு. வியர்வையிலிருந்தோ, பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் நடந்ததிலிருந்தோ வருவது. தண்ணீர் ஊறிய எல்லை வரை அலை போன்ற கோடாகத் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து அந்தக் கோட்டைத் துடைத்து, பிறகு முழு பூட்ஸையும் வெறும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது கொழுப்பு. தோலுக்குள் பதனிடும்போது ஊட்டிய கொழுப்போ நாம் பூசிய எண்ணெயோ மேலே எழுந்து படிவது. மெல்லிய, சீரான பனிப்படலம் போல இருக்கும், நாற்றம் இராது. முடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்து மிதமான சூட்டில் சில நொடிகள் காட்டினால் உருகி மறைந்துவிடும். சூட்டை நான் பரிந்துரைக்கும் ஒரே இடம் இதுதான், அதுவும் சோதனை அளவுக்கு மட்டும். மறைந்ததும் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் கிரீம் குப்பியைத் திறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் பூஞ்சணம். புள்ளி புள்ளியாக, பஞ்சு போல, சில சமயம் பச்சை கலந்து, மக்கிய அலமாரி நாற்றத்துடன் இருக்கும். தையலோரத்திலும் நாக்கின் மடிப்பிலும் உள்பக்கத்திலும் முதலில் தொடங்கும். சூடு காட்டினால் மறையாது. இதை வீட்டுக்குள் வைத்துத் தூரிகையால் தட்டக் கூடாது. விதைத்துகள்கள் பறந்து பக்கத்துச் சப்பாத்துகளிலும் உங்கள் நுரையீரலிலும் இடம்பிடிக்கும். முகக்கவசம் அணிந்து வெளியே எடுத்துச் சென்று, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். பிறகு மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, உள்ளும் புறமும், கயிற்றுத் துளைகள் வரை துடைக்க வேண்டும். ஆல்கஹால் சில தோல்களின் சாயத்தை எடுத்துவிடும் என்பதால் மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள். தீப்பற்றக்கூடியது என்பதால் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வேண்டாம். விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்திவிட்டு மீண்டும் ஒருமுறை துடையுங்கள். முதல் தடவையிலேயே எல்லாம் சாவதில்லை. ஆல்கஹால் தோலை வறட்டுவதால், ஒரு வாரம் கழித்துப் பூஞ்சணம் திரும்பவில்லை என்று உறுதியான பிறகு சிறிதளவு கிரீம் பூசலாம். உள்தளத்தைக் கழற்ற முடியுமானால் புதியது வாங்கிப் போடுவதே நல்லது.

பூட்ஸை மட்டும் துடைத்துவிட்டு, அது நின்றிருந்த அலமாரித் தட்டைத் துடைக்காமல் விட்டால் இரண்டு வாரத்தில் கதை மறுபடியும் தொடங்கும்.

வைக்கும் இடம்

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்து கடைகள் மீண்டும் திறந்தபோது, குளிரூட்டி நின்றிருந்த ஒரு பேரங்காடியில் தோல் பைகளும் சப்பாத்துகளும் பூஞ்சணம் படர்ந்து கிடந்த படங்களை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். தொடாமல் வைத்திருந்ததுதான் அவற்றுக்கு நேர்ந்த கேடு. அணியாத பூட்ஸையும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துலக்கி, இரண்டு மணி நேரம் காற்றில் வைத்தால் பூஞ்சணம் வேர்கொள்ள நேரம் கிடைக்காது. அணிகிற பூட்ஸையும் தொடர்ந்து இரண்டு நாள் அணியாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணியுங்கள்.

மூடிய பிளாஸ்டிக் பெட்டியும், வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியும் வேண்டாம். துணிப்பையோ திறந்த தட்டோ போதும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மூடிய சிறு இடத்தில் மட்டுமே வேலை செய்யும், அவற்றையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். அலமாரிக்குள் வைக்கும் நீர் உறிஞ்சும் பெட்டிகள் வேறு வகை. அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து அடியில் உப்புத் திரவமாகச் சேர்க்கும். அந்தத் திரவம் தோலின் மேல் கவிழ்ந்தால், தோல் சுருங்கி விறைத்துப்போகும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. என் தம்பியின் பூட்ஸ் ஒன்று அப்படித்தான் ஓடு போல ஆயிற்று. பெட்டியைக் கீழ்த்தட்டிலும் பூட்ஸை மேல்தட்டிலும் வையுங்கள்.

பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. பெரிய துடைப்பையும் கிரீம் பூசுவதையும் அப்போது வைத்துக்கொண்டால் உலர்த்துவது எளிது. செப்டம்பர் தொடங்கி மழை மாதங்களில் துலக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மாட்டிய பூட்ஸ்

2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்திலும் வெள்ளம் புகுந்த வீடுகளில், சப்பாத்து அலமாரிதான் முதலில் மூழ்கியது. வெள்ளத்தண்ணீரில் கால்வாய்க் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால், கையுறை அணிந்து, முதல் நாளே நல்ல தண்ணீரை ஊற்றி உள்ளும் புறமும் கழுவ வேண்டும். பிறகு தோல் சோப்பு, மீண்டும் நல்ல தண்ணீர், தாள் திணிப்பு, விசிறி. தாளை முதல் நாளில் நான்கைந்து முறை மாற்ற நேரிடும். மூன்று நாட்களுக்கு மேல் சேற்றில் கிடந்ததைக் காப்பாற்ற முயல்வது பெரும்பாலும் வீண்.

அடிப்பாகம்

மேல்தோலை மினுக்கிக்கொண்டிருக்கும்போதே அடிப்பாகம் உதிர்ந்துவிடுவது நம் ஊரில் வழக்கமான துயரம். மலையேறும் பூட்ஸ்களிலும் பல பாதுகாப்புச் சப்பாத்துகளிலும் மெத்தென்ற அடுக்காக இருப்பது பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டுகிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நிற்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பினாங்குக் கொடிமலை ஏறலாம் என்று எடுத்து மாட்டினால், பாதி வழியில் அடிப்பாகம் கேக் போல உதிரும். நீண்ட நாள் அணியாத பூட்ஸை மாட்டுவதற்கு முன்பு அந்த அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, நகத்தின் பள்ளம் மீளாமல் நின்றாலோ, நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ அதை அணிந்து வெளியே போகாதீர்கள். பசை போட்டு ஒட்டுவதும் பயன்படாது, ஏனெனில் கெட்டிருப்பது பசையல்ல, அடுக்கே.

பசை மட்டும் விட்டிருந்தால் நிலைமை வேறு. மேல்தோல் நன்றாக இருந்து, அடிப்பாகத்தின் ரப்பரும் உறுதியாக இருந்தால், ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து, ஒட்டுவதோடு சுற்றிலும் நூல் தையலும் போடச் சொல்லுங்கள். மேல்தோலையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் சுற்றுப்பட்டை வைத்துத் தைக்கப்பட்ட பூட்ஸாக இருந்தால் அடிப்பாகத்தை முழுவதுமாகக் கழற்றிப் புதியது போடலாம். வாங்கும்போதே விளிம்பில் தையல் வரி உண்மையானதா, வெறும் அலங்கார அச்சா என்று பார்த்து வாங்கியிருந்தால் இந்த வசதி கிடைக்கும். குதிகாலின் வெளிமூலை மூன்று, நான்கு மில்லிமீட்டர் தேய்ந்ததும் கொடுத்துவிடுவது நல்லது. அதற்கு மேல் தேய்ந்தால் புதுக் குதிகால் வைப்பதற்கு உள்ளடுக்கையும் வெட்ட வேண்டிவரும், கூலியும் இரட்டிப்பாகும். கொடுப்பதற்கு முன்பு பூட்ஸை இரண்டு நாள் உலர்த்திவிட்டுக் கொண்டுபோங்கள்; ஈரமான தோலில் பசை பிடிக்காது.